கொம்பொனன்ட் லைப்ரரிக்குப் பங்களிப்பது எப்படி: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பட்டன், டயலொக், திகதி தெரிவு, அட்டவணை போன்ற இணைய இடைமுகத் துண்டுகளைத் திறந்த மூலமாகத் தரும் லைப்ரரிகளுக்குக் கை கொடுக்க விரும்பும் மாணவர்களும் டெவலப்பர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவர்: அக்கா, கோட் எழுத இன்னும் துணிவு வரேல்லை. டொக்ஸ் (பாவனை விளக்கங்கள்) எழுதினாலும் பங்களிப்பு எண்டு எடுப்பினமோ?

எடுப்பார்கள் தம்பி. பல லைப்ரரிகளில் ஆள் பற்றாக்குறை கூடிய இடமே அதுதான். எழுத்துப்பிழை திருத்துவதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கொம்பொனன்டைத் தெரிவு செய்து, அதன் டொக்ஸை மட்டும் வைத்துச் சின்னப் பக்கம் ஒன்று கட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் மூலக் கோட்டைத் திறந்து பார்க்க வேண்டி வந்ததோ, அங்கேதான் டொக்ஸில் ஓட்டை இருக்கிறது. டயலொக்கை எடுத்தால் எஸ்கேப் விசை அதை மூடுமா, வெளியே கிளிக் செய்தால் மூடுமா, மூடிய பிறகு ஃபோகஸ் எந்த பட்டனுக்குத் திரும்பும் என்ற மூன்றையும் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றாவது எழுதப்படாமல் இருக்கும்.

பக்கத்தின் தொடக்கத்தில் இம்போர்ட் வரியோடு சேர்த்து, அப்படியே கொப்பி பண்ணி ஓட்டக்கூடிய உதாரணம் இருக்க வேண்டும். அதை வெறும் புரொஜெக்ட் ஒன்றில் ஒட்டி ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். பிறகு எப்போது பாவிக்கலாம், எப்போது பாவிக்கக்கூடாது, எந்த விசை என்ன செய்யும் என்பவை வரட்டும். புரொப்ஸ் (கொம்பொனன்டுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) அட்டவணை கடைசியில் வந்தால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த அட்டவணை பல லைப்ரரிகளில் டைப்ஸ்கிரிப்ட் கோட்டுக்கு மேலே உள்ள கொமென்டிலிருந்து தானாக உருவாகிறது. டொக்ஸ் பக்கத்தில் நீங்கள் திருத்தினால் அடுத்த பில்டில் அது அழிந்துபோகும். கொமென்டைத்தான் திருத்த வேண்டும். பெயர், வகை, இயல்பு மதிப்பு, கட்டாயமா இல்லையா என்ற நான்கையும் அந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயல்பு மதிப்புத்தான் அடிக்கடி பிழைக்கும். யாரோ கோட்டில் மாற்றியிருப்பார்கள், கொமென்ட் பழையதாகவே கிடக்கும்.

பல லைப்ரரிகள் டொக்ஸைக் காட்டப் பாவிக்கும் ஸ்டோரிபுக், இலங்கையில் கதிரா நிறுவனத்தில் அருணோத சுசிரிபால தொடங்கி 2016 இல் வெளியிட்ட கருவி. இங்கிருந்து அப்படி ஒன்று போயிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மல்லாவி, மாணவி: வீட்டில போன் ஹொட்ஸ்பொட் மட்டும்தான். ரெப்போவை (லைப்ரரியின்ர கோட் களஞ்சியம்) இறக்கவே டேட்டா முடிஞ்சு போகுது.

டொக்ஸ் திருத்தம் மட்டும் என்றால் எதையும் இறக்கத் தேவையில்லை. கிட்ஹப் தளத்தில் ரெப்போவைத் திறந்து விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள், பிரவுசரிலேயே எடிட்டர் திறக்கும்.

கோட் வேலை என்றால், ரெப்போவை இறக்கும் குளோன் கட்டளையோடு ஃபில்டர் தெரிவைச் சேர்த்து, அதற்கு பிளொப் நன் என்ற மதிப்பைக் கொடுங்கள். கொமிட் (சேமித்த மாற்றங்களின்) வரலாறு முழுதும் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் வரும். டெப்த் 1 (கடைசிக் கொமிட் மட்டும்) இன்னும் சிறியதுதான். ஆனால் வரலாறு இல்லாததால் பிறகு ரீபேஸ் (உங்கள் மாற்றத்தைப் புதிய கோட்டின் மேல் மறுபடி வைத்தல்) செய்யும்போது கைவிடும்.

பக்கேஜ்களுக்கு, அந்த ரெப்போ பிஎன்பிஎம் என்ற பக்கேஜ் மெனேஜரைப் பாவித்தால் நல்லது. ஒருமுறை இறக்கியதை ஒரே இடத்தில் வைத்து அடுத்த புரொஜெக்டுக்கும் அதையே எடுக்கும். பப்பெட்டியர் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) இருந்தால் நிறுவும்போது ஒரு முழு குரோமையே இறக்கிவிடும். அதைத் தடுக்கும் ஸ்கிப் டவுன்லோட் சூழல் மாறியை முதலே போட்டுவிடுங்கள். லப்டொப் பழையது என்றால் கிட்ஹப்பின் இணையவழிக் கணினியான கோட்ஸ்பேசஸ் இருக்கிறது. தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணித்தியாலம் இலவசம், அதாவது இரண்டு கோர் இயந்திரத்தில் 60 மணித்தியாலம். வேலை முடிந்தால் கையால் நிறுத்துங்கள். விட்டால் இயல்பாக 30 நிமிடம் சும்மா ஓடித்தான் நிற்கும்.

வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்: பேரின்ர முதலெழுத்தைக் காட்டுற அவதார் கொம்பொனன்டுக்கு ‘கிளிநொச்சி’ எண்டு குடுத்தால் ‘க’ மட்டும் காட்டுது. இது பிழையோ, இல்லை நான் பாவிக்கிற முறை பிழையோ?

லைப்ரரியின் பிழை. நாங்கள் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் கிளிநொச்சியை கி, ளி, நொ, ச், சி என்று ஐந்து எழுத்தாகப் பார்க்கிறோம். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் அதற்குப் 10 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. முதலாவதை எடு என்றால் ‘க’ தான் வரும். ஐந்தாவதோடு வெட்டு என்றால் ‘கிளிந’ என்று வரும், ஏழாவதோடு வெட்டினால் ‘கிளிநொச’ என்று வரும். பெயரைச் சுருக்கும் சிப், எழுத்தெண்ணும் டெக்ஸ்ட் ஏரியா, அவதார் என்று எல்லாவற்றிலும் இதே பிழை ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘நொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் அரவுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் லெங்த் 11. ஒன்றை வைத்துத் தேடினால் மற்றது அகப்படாது. தேடல் வசதியுள்ள கொம்போபொக்ஸில் ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி (ஒரே குறியாக எழுதும்) முறைக்கு நோர்மலைஸ் செய்ய வேண்டும்.

வெட்டும் பிழைக்குத் தீர்வு ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டர். கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து) என்ற அளவில் பிரிக்கச் சொன்னால் ஐந்தாகவே பிரிக்கும். குரோமில் 87 ஆம் பதிப்பிலிருந்தும் சஃபாரியில் 14.1 இலிருந்தும் இருக்கிறது. ஃபயர்ஃபொக்ஸில் 2024 ஏப்ரலில் வந்த 125 ஆம் பதிப்பில்தான் வந்தது. லைப்ரரி அதற்கு முந்திய பிரவுசரையும் தாங்குவதாகச் சொல்லியிருந்தால், செக்மென்டர் இல்லாதபோது பழைய முறைக்கு விழும் வழியையும் எழுதிக் கொடுங்கள்.

இஷ்யூ (பிழை அறிக்கை) எழுதும்போது தமிழ் தெரியாத ஒருவர் அதைப் படிக்கப்போகிறார் என்பதை மறக்க வேண்டாம். பதிப்பு எண், பிரவுசர், பிழை தெரியும் மிகச் சிறிய உதாரணம், வந்தது, வர வேண்டியது என்பவற்றை எழுதுங்கள். கூடவே, குடும்ப இமோஜி ஒன்றைக் கொடுத்தாலும் இதே வெட்டு நடக்கும் என்று செய்து காட்டுங்கள். மெயின்டெயினர் (லைப்ரரியைப் பராமரிப்பவர்) தன் திரையிலேயே பார்த்துப் புரிந்துகொள்வார், “ஒரு மொழிக்கு மட்டும்” என்று தள்ளி வைக்கவும் மாட்டார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: லைன் ஹைட் 1 ஆகவும் ஓவர்ஃப்ளோ ஹிடனாகவும் இருந்தால் ‘கீ’யின் மேற்சுழியும் ‘மு’வின் கீழ்வளைவும் வெட்டுப்படும். நிலையான அகலம் கொடுத்த பட்டனில் தமிழ்ச் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் சொல்லை உறுதிசெய்ய என்டர் அழுத்தும்போது படிவமே அனுப்பப்பட்டால், விசை நிகழ்வில் இஸ்கொம்போசிங் பார்க்கப்படவில்லை என்று அர்த்தம்.

புதுக்குடியிருப்பு, டெவலப்பர்: ஒரு வரிதான் மாத்தினேன், டிஃபில (மாற்றங்களைக் காட்டுற இடம்) முழுக் கோப்பும் மாறின மாதிரிக் காட்டுது.

விண்டோஸின் வரிமுடிவுக் குறி வேறு என்பதுதான் காரணம். விஎஸ் கோட்டில் வலது கீழ் மூலையில் சிஆர்எல்எஃப் என்று இருப்பதைக் கிளிக் செய்து எல்எஃப் ஆக்கிச் சேமியுங்கள். டிஃப் ஒரு வரிக்கு இறங்கும். லொக் கோப்பும் (பக்கேஜ் பதிப்புகளைப் பதிந்து வைப்பது) மாறியிருந்தால், ரெப்போ சொல்லும் நோட்ஜேஎஸ் பதிப்பையும் பக்கேஜ் மெனேஜரையும் நீங்கள் பாவிக்கவில்லை. அந்தக் கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அனுப்புங்கள்.

மாங்குளம்: ஸ்கிரீன்ஷொட் டெஸ்ட் சிவப்பா வருது. என்ர மெஷின்ல புதுப் படம் எடுத்துப் போடலாமோ?

போடாதீர்கள். இந்த டெஸ்ட் சேமித்து வைத்த படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுகிறது. ஒவ்வொரு இயங்குதளமும் எழுத்துருவை வேறு விதமாக வரைகிறது. உங்கள் படம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ மெஷினில் மறுபடி தோற்கும். வித்தியாசப் படத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் தொட்ட கொம்பொனன்ட் மட்டும் மாறியிருந்தால், ஏற்கும்படி மெயின்டெயினரிடம் கேளுங்கள். தொடாத ஒன்று மாறியிருந்தால் உங்கள் சிஎஸ்எஸ் வெளியே கசிகிறது, செலக்டரை இறுக்குங்கள்.

செட்டிகுளம், ஆசிரியை: கோட் பெரிசாத் தெரியாது. பார்வைக் குறைபாடு உள்ளவையளுக்காக எதையாவது சோதிச்சுக் குடுக்கலாமோ?

தாராளமாக, ரீச்சர். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டெப், என்டர், எஸ்கேப், அம்புக்குறிகளால் மட்டும் டெமோ பக்கத்தைப் பாவியுங்கள். ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போகும் ஒவ்வொரு இடமும் ஒரு இஷ்யூ. இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 இன் ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேறுபாடு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1, தொடும் இடம் குறைந்தது 24 × 24 பிக்சல், சில விதிவிலக்குகளோடு. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். பக்கத்தில் மொழிக் குறி தமிழ் என்று போடப்படாவிட்டால் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்கப் பார்க்கும். லைப்ரரியின் டொக்ஸில் அந்தக் குறியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்: நான் குடுக்கிற கோட் அவையின்ர சொந்தமாகிடுமோ? என்ர ஈமெயில் வெளிய தெரியுமோ?

எம்ஐடி போன்ற உரிமத்தில் வழக்கமாகக் கொப்பிரைட் உங்களிடமே இருக்கும், பாவிக்கும் அனுமதியைத்தான் கொடுக்கிறீர்கள். சைன் ஓஃப் கேட்டால் கொமிட் கட்டளையோடு சின்ன எஸ் போடுங்கள். அது இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. சிஎல்ஏ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) கேட்டால் முழுதும் வாசித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் வேலை செய்பவர் வேலை ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். ஈமெயில் ஒவ்வொரு கொமிட்டிலும் நிரந்தரமாகப் பதியும். முதல் கொமிட்டுக்கு முன்னரே கிட்ஹப் தரும் நோ ரிப்ளை முகவரியை கிட் மென்பொருளில் அமைத்துவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரிய பாடு.

துணுக்காய்: புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கிறது) அனுப்பி ரெண்டு கிழமை, ஒரு பதிலும் இல்லை. டெஸ்டும் ஓடேல்லை.

முதல் தடவை அனுப்புபவரின் டெஸ்டுகளை மெயின்டெயினர் அனுமதித்த பிறகே கிட்ஹப் ஓட்டும். அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. இதற்குள் நீங்கள் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. சேஞ்ச்செட் (மாற்றம் எவ்வளவு பெரியது என்று குறிக்கும்) கோப்புக் கேட்கும் ரெப்போவா? பிழைத்திருத்தம் என்றால் பச், புதிய புரொப் என்றால் மைனர், பழைய பாவனையை உடைத்தால் மேஜர். ஒரே ரிக்வெஸ்டில் இரண்டு வேலை கலந்திருக்கிறதா? பிரித்துவிடுங்கள், சின்னதைத்தான் முதலில் எடுப்பார்கள். முரண்பாடு வந்திருந்தால் ரீபேஸ் செய்யுங்கள். ஆனால் யாராவது ரிவியூ தொடங்கிவிட்டால் ஃபோர்ஸ் புஷ் (ஏற்கனவே அனுப்பிய வரலாற்றை மேலெழுதுதல்) வேண்டாம், அவர் எதுவரை பார்த்தார் என்பது குழம்பிவிடும். பிறகு ஒரே ஒரு மறுமொழி போடுங்கள்: என்ன மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள்.