இளையோரின் தூக்கச் சிக்கல்கள்: கேள்வி பதில்

சிறுவர்கள், பதின்பருவத்தினர், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரின் தூக்கச் சிக்கல்களுக்குச் சிகிச்சை அளிப்பதும், அந்தச் சிகிச்சைகளில் எது யாருக்குப் பயன்படுகிறது என்று ஆராய்வதும் என் பணி. நான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதித் தரும் மருத்துவர் அல்லேன். ஆகவே மருந்தின் அளவு பற்றிய கேள்விகளுக்கு என்னிடம் விடை கிடைக்காது. மற்றவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரவு 10 மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைக்கிறோம். 2 மணி வரை புரண்டுகொண்டிருக்கிறான். காலை 6.30க்கு எழுப்பினால் எழுவதில்லை. விடுமுறையில் பகல் 12 மணி வரை அசையாமல் தூங்குகிறான். இது சோம்பலா, நோயா?

சோம்பல் என்ற சொல்லை முதலில் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடைக்கான தடயம் இருக்கிறது: விடுமுறையில் அவன் 2 மணியிலிருந்து 12 மணி வரை நன்றாகத் தூங்குகிறான். தூங்கும் திறன் பழுதுபடவில்லை. தூக்கத்தின் நேரம்தான் இடம் மாறியிருக்கிறது.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம் ஒன்று. ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் ஓடும் உடற்கடிகாரம் மற்றொன்று. பதின்பருவத்தில் இரண்டுமே மாறுகின்றன. அழுத்தம் மெதுவாகச் சேர்கிறது. கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இந்தத் தள்ளிப்போதல் பருவமடைதலோடு சேர்ந்து வருவதை மேரி கார்ஸ்கடன் குழுவினர் 1993இல் எழுதினர். இருபது வயதை ஒட்டி இது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. பெரும்பாலான பிள்ளைகளிடம் ஓரிரு மணி நேரத்தோடு நின்றுவிடும் இந்த மாற்றம் சிலரிடம் உங்கள் மகனைப் போல் வெகுதூரம் போய்விடுகிறது. அதற்குத் தாமதத் தூக்கக் கட்டக் கோளாறு என்று பெயர். 1981இல் மருத்துவ இலக்கியத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

இப்போது நான் எல்லோரிடமும் சொல்லும் எச்சரிக்கை: தூக்கம் வராத பிள்ளையைச் சீக்கிரம் படுக்க வைக்காதீர்கள். இரவுக்கு நான்கு மணி நேரம் விழித்துக் கிடக்கும் உங்கள் மகன், படுக்கை என்பது விழித்துக் கிடக்கும் இடம் என்ற பாடத்தைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். தூக்கத்துக்கு யாரும் ஆணையிட முடியாது. எழும் நேரத்துக்கு மட்டுமே ஆணையிட முடியும். எனவே சிகிச்சையைக் காலையிலிருந்து தொடங்குகிறோம்.

இதில் பெற்றோர் பெரும்பாலும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. உடல் வெப்பநிலை ஒரு நாளில் மிகக் குறைவாக இருக்கும் புள்ளி, ஒருவர் இயல்பாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வருகிறது. அந்தப் புள்ளிக்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளுகிறது. உங்கள் மகன் இயல்பாக விழிப்பது 12 மணிக்கு என்றால், அவனுடைய புள்ளி காலை 9 அல்லது 10 மணியளவில் இருக்கும். அவனை 6.30க்கு எழுப்பி வெயிலில் நிறுத்தினால் தூக்கம் இன்னும் தாமதமாகலாம். ஆகவே நீண்ட விடுமுறை ஒன்றில் தொடங்குங்கள். முதல் நாள் 11.30க்கு எழுப்பி, எழுந்தவுடன் அரை மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் இருக்கச் செய்யுங்கள். ஓரிரு நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை அரை மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். படுக்கும் நேரத்தை 1.30 என்று வைத்துக்கொண்டு, எழும் நேரம் முன்னேற முன்னேற அதையும் முன்னேற்றுங்கள். பள்ளிக்கு ஏற்ற நேரத்தை அடைந்த பிறகு வார இறுதியிலும் அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகக் கூடாது. இரண்டே இரண்டு தாமதக் காலைகள் மூன்று வார உழைப்பைக் கரைத்துவிடுவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 17 வயது. கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கண் சொருகுகிறது. அறைக்குப் போய்ப் படுத்தால் மனம் விழித்துக்கொள்கிறது. ஏன்?

மேலே சொன்ன பாடத்தை உங்கள் படுக்கையும் கற்றுக்கொண்டுவிட்டது. இதற்கு உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்துத் தந்த முறை இன்றும் எங்கள் சிகிச்சையின் முதுகெலும்பு. கண் சொருகினால் மட்டும் படுக்கைக்குப் போங்கள். கால் மணி நேரம் ஆகிவிட்டதாகத் தோன்றினால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். மறுபடி தூக்கம் வந்தால் திரும்புங்கள். எத்தனை முறை ஆனாலும் இதையே செய்யுங்கள். படுக்கையில் படிப்பதும் உண்பதும் வேண்டாம். காலையில் எப்படித் தூங்கியிருந்தாலும் ஒரே நேரத்தில் எழுங்கள்.

கேட்க எளிதாக இருக்கும். நள்ளிரவு 1 மணிக்குப் போர்வையை விட்டு எழுவது எளிதல்ல. அதனால் அந்த நாற்காலியை மாலையிலேயே தயார் செய்யச் சொல்வேன்: ஒரு மங்கலான விளக்கு, ஒரு போர்வை, ஏற்கெனவே படித்து முடித்த புத்தகம் ஒன்று. கதை முடிவு தெரிந்திருந்தால் பக்கத்தை மூடுவது சுலபம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். நேரத்தைப் பார்த்தவுடன் மனம் மிச்ச மணிகளைக் கணக்குப்போடத் தொடங்கும், அந்தக் கணக்கே விழிப்பை வளர்க்கும். முதல் வாரம் நிலைமை மோசமாகத் தோன்றும். அதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பாதியில் விடமாட்டீர்கள்.

கேள்வி: டாக்டர், என் 9 வயது மகளுக்கு மெலடோனின் எவ்வளவு கொடுக்கலாம்?

மெலடோனின் என்பது இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் இயக்குநீர்; அதைத்தான் மாத்திரையாகவும் விற்கிறார்கள். அளவு பற்றி நான் பேச மாட்டேன். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் நேரடியாக வாங்கிக் கொடுக்காதீர்கள். 2017இல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, சிட்டையில் எழுதியிருந்த அளவைவிட 83 விழுக்காடு குறைவாக இருந்ததிலிருந்து 478 விழுக்காடு அதிகமாக இருந்தது வரை கண்டார்கள்.

கேள்வி: உங்கள் வேலையில் ஆய்வு எங்கே வருகிறது? நான் உளவியல் மாணவி; இத்துறைக்கு வர விரும்புகிறேன்.

பாதி நாள்கள் சிகிச்சை அறையில் கழிகின்றன. மீதி நாள்கள் அங்கே எழும் ஐயங்களை எண்ணிக்கையாக மாற்றிச் சோதிப்பதில் கழிகின்றன. எங்கள் முதன்மைக் கருவி தூக்கக் குறிப்பேடு. எப்போது படுத்தேன், தூங்க எவ்வளவு நேரம் ஆனது, இரவில் எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன் என்று இரண்டு வாரம் காலைதோறும் எழுத வேண்டும். உண்மையில் தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கழித்த நேரத்தால் வகுத்தால் தூக்கத் திறன் கிடைக்கும்; 85 விழுக்காட்டுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் கவனிக்கிறோம்.

ஒரு சிறுவன் கொண்டுவந்த தாளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பதினான்கு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா வரியிலும் இரவு 10.30. வகுப்புக்கு வெளியே நின்று ஐந்து நிமிடத்தில் நிரப்பியது. கடைசி வரிக்குக் கீழே மட்டும் சிறிய எழுத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி அடித்திருந்தான். நான் அந்த அடித்த சொல்லைப் பற்றித்தான் கேட்டேன். வீட்டில் இரவில் நடக்கும் சண்டை முடியும் வரை அவன் தூங்குவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. எண்களைச் சேகரிக்க விரும்புகிறவர்கள் பலர் வருகிறார்கள். அடித்த சொல்லைப் பார்க்கும் பொறுமை இருந்தால் கட்டாயம் வாருங்கள். மருத்துவ உளவியலில் முறையான பயிற்சியும் புள்ளியியலில் அச்சமின்மையும் தேவை.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கைபேசியே காரணம். இரவு 10 மணிக்குப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. இதை ஏன் நீங்கள் நேராகச் சொல்வதில்லை? (ஒரு தந்தை)

அது பாதி உண்மை என்பதால். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் அதிகமானது. வெளிச்சத்துக்கு விளைவு உண்டு. ஆனால் உங்கள் பிள்ளை இழக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை அது மட்டும் விளக்காது. திரையில் என்ன நடக்கிறது, அது படுக்கும் நேரத்தை எவ்வளவு ஒத்திப்போடுகிறது என்பதே பெரிது.

இதற்கு ஒரு மாணவர்: என் கைபேசியை ஒரு மாதம் வாங்கி வைத்திருந்தார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு 2 மணி வரை கிடந்தேன். தூக்கம் வராததால்தான் கைபேசியை எடுத்தேன். அதை எடுத்ததால் தூக்கம் போகவில்லை.

தம்பி சொல்வதையும் நான் அறையில் அடிக்கடி கேட்கிறேன். தனியே விழித்துக் கிடக்கும் இரவு மிக நீளமானது. அதில் கைபேசி துணையாகிறது. பிறகு அந்தத் துணையே இரவை நீட்டிக்கிறது. இரண்டு திசையிலும் காரணம் ஓடுகிறது.

ஓர் ஆசிரியர்: கைபேசி வருவதற்கு முன் பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கினார்கள் என்பதை மறுக்கிறீர்களா?

நான் முதல் பதிலில் குறிப்பிட்ட 1981ஆம் ஆண்டையும் 1993ஆம் ஆண்டையும் மறுபடி பாருங்கள். அப்போது எந்தப் பிள்ளையின் தலையணைக்கடியிலும் கைபேசி இல்லை. ஆசிரியராகிய உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு: முதல் மணி எத்தனை மணிக்கு அடிக்கிறது? நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது மாணவர்களின் தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியது. கிடைத்த நேரத்தை அவர்கள் விழித்திருந்து வீணாக்கிவிடவில்லை. கலிபோர்னியா 2019இல் இதற்குச் சட்டமே இயற்றியது. 2022இல் நடைமுறைக்கு வந்தது. என்னால் ஓர் ஆண்டில் சில பத்துப் பிள்ளைகளைத்தான் பார்க்க முடியும். ஒரு பள்ளியின் மணி ஆயிரம் பேரின் காலையைத் தீர்மானிக்கிறது.

அதே தந்தை: அப்படியானால் கைபேசியோடு தூங்க அனுமதிக்கச் சொல்கிறீர்கள்; கண்டிப்பு தேவையில்லை என்கிறீர்கள்.

அப்படி நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. மின்னேற்றியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். பெற்றோரின் கைபேசிகளும் அங்கேயே உறங்கட்டும். விதியைப் பகலில், பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரவு 10 மணிக்குப் பிடுங்கும்போது எழும் சண்டை, எந்தத் திரையையும்விட அதிகமாக உடலை விழிக்கச் செய்யும். கண்டிப்பைக் காலையில் எழும் நேரத்தில் காட்டுங்கள். அங்கே அது பலன் தரும். இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் 16 வயது, 1 மணிக்கு முன் தூங்குவதில்லை. சீக்கிரம் படுக்கச் சொன்னால் கேட்பதில்லை.

முதல் பதிலைப் படியுங்கள். சீக்கிரம் படுக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும்?

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வரை 8 முதல் 10.

கேள்வி: என் தம்பி உறக்கத்தில் எழுந்து நடக்கிறான். எழுப்பலாமா?

ஆழ்துயிலிலிருந்து பாதி விழித்த நிலை அது. பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் நிகழும். உலுக்கி எழுப்பாமல் மெதுவாகப் படுக்கைக்கு நடத்திச் செல்லுங்கள். வெளிக்கதவையும் மாடிப்படியையும் பாதுகாப்பாக்குங்கள். அடிக்கடி நிகழ்ந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கனவில் பாம்பு வந்தால் என்ன பொருள்?

கனவுக்குப் பலன் சொல்வது என் துறை அன்று. ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து தூங்கவே அஞ்சினால், அதற்குச் சிகிச்சை உண்டு, வாருங்கள்.

கேள்வி: மகன் குறட்டை விடுகிறான், இடையிடையே மூச்சு நின்றதுபோல் இருக்கிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பயிற்சி வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஒரு செயலி இரவில் 5 மணி நேரம் மட்டும் படுக்கச் சொல்கிறது. எனக்கு 16 வயது. செய்யலாமா?

செய்ய வேண்டாம். படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தை இறுக்கமாக்கும் முறை ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வெளியிட்டது. பெரியவர்களிடம் நன்கு பயனளிப்பது. வளரும் வயதினருக்கு அத்தனை குறைப்பது தவறு. வலிப்பு, இருமுனைக் கோளாறு (மனநிலை மிகை எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களுக்கு ஆபத்து. இதைக் கண்காணிக்க ஒரு மனிதர் வேண்டும்.

கேள்வி: இரவு 2 மணி வரை தூக்கம் இல்லை. சீக்கிரமே படுத்துப் பார்க்கிறேன்...

சீக்கிரம் படுக்காதீர்கள். இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். அலுப்பு இருந்தாலும் நான்காம் முறையும் எழுதுவேன், ஏனெனில் கேட்பவர்களில் பாதிப் பேரின் இரவைக் கெடுப்பது இதுதான்.

கேள்வி: மூன்று மாதமாக 3 மணிக்கே விழித்துவிடுகிறேன். எதிலும் பிடிப்பில்லை. காலை வராமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. வயது 19.

எழுதியதற்கு நன்றி. தூக்கத்தைப் பிறகு பார்ப்போம். நீங்கள் எழுதிய கடைசி வரியை, அப்படியே, இன்றே நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள்; அவரோடு சேர்ந்து மனநல மருத்துவரையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ அணுகுங்கள். அதுவரை தனியாக இருக்க வேண்டாம். உயிரை விட்டுவிடும் எண்ணம் வலுத்தால் காத்திராமல் அவசர உதவியை அழையுங்கள். இது குணமாகக்கூடிய நிலை. இதிலிருந்து மீண்ட உங்கள் வயதினரை எனக்கு நேரில் தெரியும்.

கேள்வி: முதலில் கேட்ட தாய்தான். நேற்று விடுமுறை தொடங்கிவிட்டது. நாளைக்கு நிஜமாகவே 11.30 வரை தூங்க விட வேண்டுமா? வீட்டில் பெரியவர்கள் ஏசுகிறார்கள்.

விடுங்கள், அம்மா. பெரியவர்களிடம் இது சிகிச்சையின் முதல் நாள் என்று சொல்லுங்கள். 11.30க்குத் திரைச்சீலையை விலக்கி, அவனை வெளியே அழைத்துப் போங்கள். இரவில் எப்போது தூங்கினாய் என்று கேட்காதீர்கள். ஒரு தாளும் பேனாவும் மேசைமேல் வையுங்கள், அவனே எழுதட்டும்.