சீனியர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் ஆகாது

கேள்வி: சார், கோயம்புத்தூரிலிருந்து போன வாரம்தான் ஆன் ஆர்பர் வந்து சேர்ந்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இங்கே அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் என்றால் ஊரே திருவிழாக் கோலம் என்கிறார்கள். ஒரு ஆட்டம் விடாமல் பார்க்க ஆசை. ஆனால் மாணவர் சீசன் டிக்கெட் விற்பனையைத் தவறவிட்டேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சீனியர் தன்னுடைய சீசன் டிக்கெட்டை 400 டாலருக்குத் தருகிறாராம். ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) பணம் போட்டால் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிடுவாராம். நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டமும் அதிலேயே அடக்கமாம். இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் எனக்கு இலவசம் என்கிறார். 50 டாலர் முன்பணம் போட்டுவிட்டேன். அக்டோபரில் அப்பா வருகிறார். அவரையும் அழைத்துப் போகலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்.)

பதில்: மீதி 350 டாலரை அனுப்பாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

ஒஹாயோ ஸ்டேட் ஆட்டமும் அடக்கம் என்றாரே, அந்த ஒரு வரியே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் நவம்பர் கடைசியில் மோதுவதுதான் இந்த ஊருக்குத் தீபாவளி. ஆனால் அது ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. ஒற்றைப்படை ஆண்டென்றால் ஆன் ஆர்பர், இரட்டைப்படை ஆண்டென்றால் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ். 2023இல் இங்கே, 2024இல் அங்கே, 2025இல் மறுபடி இங்கே. ஆகவே இந்த 2026இல் ஆட்டம் கொலம்பஸில், இங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். சீசன் டிக்கெட் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும்தான். வெளியூர் ஆட்டம் அதில் வரவே வராது. இரண்டு வருடம் இங்கே படித்தவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. புதிதாக வந்த உங்களுக்குத் தெரியாது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விலையின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. மாணவர் சீசன் டிக்கெட்டின் மதிப்பு எல்லா ஆட்டங்களிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. செப்டம்பரில் பெரும்பாலும் சின்ன அணி ஏதாவது வரும். நாற்பது, ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்து அனுப்புவார்கள், மூன்றாம் குவார்ட்டரிலேயே (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது) பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். மதிப்பு முழுக்க ஒன்றிரண்டு பெரிய ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஒஹாயோ ஸ்டேட் இங்கே வராத இரட்டைப்படை ஆண்டில் பெரிய உள்ளூர் மோதல் மிச்சிகன் ஸ்டேட் என்கிற இன்னொரு பல்கலைக்கழகத்தோடு. அதற்கும் மவுசு உண்டு, ஆனால் ஒஹாயோ ஸ்டேட் விலை கிடையாது. இந்தக் கணக்குப் போடாமல் யார் சொன்னாலும் சீசன் டிக்கெட் வாங்காதீர்கள்.

இனி ஸ்கிரீன்ஷாட். டெட்ராய்ட் பக்கம் அரங்க டிக்கெட் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வாசலில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளில் பெரும்பாலானோர் கையில் இருந்தது இதுதான், செல்போனில் ஒரு படம். அந்தக் காலத்தில் சேப்பாக்கம் வாசலில் பிளாக்கில் வாங்கினால்கூடக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். இங்கே டிக்கெட் என்பது ஒருவருடைய கணக்கில் இருக்கும் ஒரு பதிவு, அவ்வளவுதான். பல அரங்குகளில் அந்த பார்கோடு சில விநாடிகளுக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்த படம் காலையிலேயே செத்துவிடும். மாறாத பார்கோடாக இருந்தாலும் என்ன லாபம்? அதே படத்தை ஆறு பேருக்கு அனுப்ப ஆறு தட்டல் போதும். முதலில் வந்தவர் உள்ளே போவார், மற்ற ஐந்து பேருக்கும் ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரியும்.

முறையான வழி ஒன்றே ஒன்று. டிக்கெட் வைத்திருப்பவர் தன் கணக்கில் 'டிரான்ஸ்ஃபர்' என்பதை அழுத்த வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வரும். நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றதும் அவர் கணக்கிலிருந்து மறைந்து உங்கள் கணக்குக்கு வந்துவிடும், அதன்பிறகு அவர் நினைத்தாலும் இன்னொருவருக்கு விற்க முடியாது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் வாராவாரம் படம் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் டிக்கெட்டே இல்லை, அல்லது இருப்பதைப் பல பேருக்கு விற்கப் போகிறார். 'என் ஆப் வேலை செய்யவில்லை', 'சீசன் தொடங்கிய பிறகுதான் டிரான்ஸ்ஃபர் திறக்கும்' என்பார்கள். சரி, திறந்த பிறகே பணமும் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஸெல் என்று குறிப்பாகக் கேட்கிறார், கவனித்தீர்களா? அது ரொக்கத்தை எண்ணிக் கொடுத்ததற்குச் சமம். உங்கள் கணக்கை யாராவது திருடி அனுப்பியிருந்தால் வங்கி பொறுப்பேற்கும். நீங்களே விரும்பி அனுப்பியதைத் திருப்பித் தரச் சொன்னால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். வென்மோ என்கிற பணம் அனுப்பும் ஆப்பில் 'நண்பர்கள், குடும்பம்' என்று போட்டு அனுப்பச் சொன்னாலும் இதே கதைதான். கிரெடிட் கார்டு வழியாக வாங்கினால் சண்டை போடவாவது ஓர் இடம் உண்டு.

ஐந்து பேரைச் சேர்த்தால் இலவசம் என்கிற விஷயத்துக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் இதே வலை, இதே மீன். புதிதாக வந்த பிள்ளைகள், ஊர்ப் பாசம், 'நம்ம ஆளு' என்கிற நம்பிக்கை, எல்லாமே இவர்களுக்கு முதலீடு. சனிக்கிழமை வாசலில் அந்த ஐந்து பேர் சட்டையைப் பிடிக்கப்போவது உங்களைத்தான், சீனியரை இல்லை. அதற்கு மேலும் ஒன்று. நீங்கள் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம், அவ்வளவுதான் அனுமதி. ஆள் பிடித்துக் கொடுத்து அதற்குப் பதிலாக 400 டாலர் பொருளை வாங்குவது வளாக வேலை ஆகாது. உங்களால் போக முடியாத ஆட்டத்தின் டிக்கெட்டை வாங்கின விலைக்கு நண்பருக்குக் கொடுப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. அதையே தொழிலாகச் செய்தால் கேட்பார்கள். மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழக அதிகாரியிடம் இதை விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

அப்பா விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

மாணவர் டிக்கெட் மாணவருக்கு மட்டும். உங்கள் மாணவர் அட்டையோடு சேர்ந்தால்தான் அது டிக்கெட். அப்பாவிடம் அட்டை இல்லை, ஆகவே அப்படியே கொடுத்தால் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்கு 'வேலிடேஷன்' என்று பெயர். மாணவர் விலைக்கும் பொது விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரு தொகை கட்டினால், அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அந்த டிக்கெட்டை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முழு சீசனுக்குமாகச் செய்ய வேண்டியதில்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் செய்துகொள்ளலாம். தொகையும் எதிரணியைப் பொறுத்து மாறும். டிக்கெட் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேதான் இதைச் செய்ய முடியும். ஆகவே ஒரு நண்பரிடம் மாணவர் டிக்கெட் வாங்கி அப்பாவுக்குக் கொடுப்பதானால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'இது வேலிடேட் செய்ததா, செய்யாததா?' செய்யாததை 60 டாலருக்கு வாங்கிவிட்டு, சலுகை விலையில் கிடைத்தது என்று மகிழ்ந்து, பிறகு மேற்கொண்டு கட்டணம் கட்டிப் பொது டிக்கெட்டைவிட அதிகமாகச் செலவு செய்தவர்கள் ஏராளம். இதற்கும் இடைத்தரகர்கள் உண்டு. 'பெற்றோருக்கு ஏற்ற டிக்கெட்' என்று விளம்பரம் செய்து, வேலிடேட் செய்யாததைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏழு கடல் தாண்டி வரும் தகப்பனாரிடம் மகன் பக்கத்தில் நிற்பதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு நியாயமா என்று கேட்காதீர்கள். எனக்கும் பதில் தெரியாது. இங்கே மாணவர்கள் ஒன்றுசேர்ந்து கத்தினால் விலை இறங்கவும் செய்யும். 2014இல் 280 டாலராக இருந்த மாணவர் சீசன் டிக்கெட் 2015இல் 175 டாலருக்கு வந்தது. இடையில், 2014 அக்டோபர் கடைசியில், விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த டேவ் பிராண்டன் பதவி விலகினார். மாணவர்களின் கோபத்துக்கு டிக்கெட் விலையும் ஒரு காரணம்.

ஆனால் என்னைக் கேட்டால் அப்பாவை மாணவர் பகுதிக்கு அழைத்துப் போகாதீர்கள். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். அலுமினிய பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டே பார்ப்பார்கள். நான்கு குவார்ட்டர், தலா 15 நிமிடம் என்று விதியில் இருக்கிறது. நிஜத்தில் டிவி விளம்பரங்களோடு மூன்றரை மணி நேரம் ஆகும். அரங்கமோ 107,601 பேர் கொள்ளளவு. தரையைக் குடைந்து கட்டியதால் வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை பெரியதாகவே தெரியாது. வாசலில் நுழைந்ததும் நீங்கள் நிற்பதே மேல்பகுதியில்தான். இருக்கைக்குப் படி படியாகக் கீழே இறங்க வேண்டும், கழிவறைக்கு மறுபடி மேலே ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது தண்டனை. அக்டோபரில் ஒரு சுமாரான எதிரணி வரும் சனிக்கிழமையைப் பார்த்து, பொதுப் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிக்கெட் வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் இத்தகைய ஆட்டங்களுக்கு வியாழன், வெள்ளியில் விலை இறங்குவது வழக்கம், மழை வரும் என்று வானிலை சொன்னால் இன்னும் இறங்கும். மே 2025 முதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டணம் முளைத்தால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள்.

அப்பாவின் விமானத்தை ஆட்ட நாளில் போடாதீர்கள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது பல சமயம் 12 நாள் முன்னால்தான் தெரியும், சில சமயம் ஆறே நாள் முன்னால். பகல் 12 மணியா, மாலை மூன்றரையா, இரவு ஏழரையா என்பதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம் இல்லை, தொலைக்காட்சி நிறுவனங்கள். ஒரு லட்சம் பேரின் சனிக்கிழமையை இப்படித் தொங்கலில் விடுகிறார்கள், அதை யாரும் கேட்பதும் இல்லை. டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து ஆன் ஆர்பர் வரும் சாலை அன்று எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பை எதுவும் எடுத்துப் போக வேண்டாம். ஒருமுறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே போக முடியாது, அப்பாவின் மாத்திரையை முன்கூட்டியே சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்களுக்கான டிக்கெட் கிடைக்காது என்று கவலைப்படாதீர்கள். நம் ஊரிலிருந்து வந்த பலர் ஆசையாக சீசன் டிக்கெட் வாங்குவார்கள். 'ஃபர்ஸ்ட் டவுன்' என்றால் என்ன என்றே புரியாமல் இரண்டு ஆட்டம் நிற்பார்கள். அப்புறம் அசைன்மென்ட், மிட்டெர்ம் என்று அறையிலேயே தங்கிவிடுவார்கள். உங்கள் ஆய்வகத்தில், வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து, அவர் டிரான்ஸ்ஃபர் செய்து, அது உங்கள் கணக்கில் வந்த பிறகு பணம் கொடுங்கள். தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு டிக்கெட் தனியாக விற்பார்கள். ஒரு ஆட்டம் தோற்றதும் சீசன் முடிந்தது, மீதி டிக்கெட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் சொந்த ஊரில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. பிளேஆஃபில் 12 அணிகளைச் சேர்த்த முதல் ஆண்டு அது. அதே ஒஹாயோ ஸ்டேட்தான் அடுத்த ஜனவரியில் தேசியப் பட்டத்தையும் வாங்கியது.

கொடுத்த 50 டாலர்? பெரும்பாலும் திரும்ப வராது. இருந்தாலும் இன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து மோசடிப் புகார் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுக்க, தேதியோடு சேமித்து வையுங்கள், அவர் அழித்தாலும் உங்களிடம் இருக்கட்டும். பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கான சட்ட உதவி மையம் இருக்கிறது. பதிவு செய்த மாணவர்களுக்கு ஆலோசனை இலவசம், நீங்கள் கட்டும் கட்டணத்தில் நடப்பதுதான். அங்கே போய்க் காட்டுங்கள். அவர் அதே குழுவில் இன்னும் இருக்கிறார் என்றால், பெயர் குறிப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். 'ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் இந்த வருடம் கொலம்பஸில்' என்று மட்டும் எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரி போடுங்கள். பணம் அனுப்ப இருந்த மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.