ஓர் உயிரினத்தின் பரவல் எல்லை நகர்ந்தது வெப்பத்தாலா, வாழிட அழிவாலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பழைய பதிவுகளில் உள்ள அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன், கெட்டுப்போன இடங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

எடித் செக்கர்ஸ்பாட் என்ற பட்டாம்பூச்சி மெக்சிகோ முதல் கனடா வரை வட அமெரிக்காவின் மேற்கில் வாழ்கிறது. உயிரியலாளர் கமில் பார்மிசான் அதன் பழைய இடங்கள் 151இன் கதியை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். வாழிடம் சிதைந்த இடங்களை அவர் ஒதுக்கிவிட்டார். புழுவுக்கான செடி இருந்தும் பூச்சி இல்லாத இடத்தையே ‘அழிந்தது’ என்று எண்ணினார். அப்படிப் பார்த்தும் தெற்கிலும் தாழ்வான இடங்களிலும்தான் அழிவு அதிகம். பரவலின் சராசரி மையம் வடக்கே 92 கி.மீ., மேலே 124 மீட்டர் நகர்ந்திருந்தது.

இத்தனைக்கும் பூச்சி எதுவும் வடக்கே பறந்து போகவில்லை. கீழ்முனை உதிர்ந்ததால் சராசரி ஏறியது, அவ்வளவே. தெற்கில் வெப்பமும் வறட்சியும் கூடினால் செடி சீக்கிரம் காய்ந்துவிடும். உறக்கநிலைக்குப் போகும் அளவு வளருமுன் புழு பட்டினியில் சாகும்.

அடுத்த சிக்கல் ‘இல்லை’ என்று எழுதுவது. ஓர் எலியினம் ஓர் இரவில் பொறியில் சிக்கும் வாய்ப்பு 40% என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு பொறி வைத்தும் தவறவிடும் வாய்ப்பு 0.6×0.6×0.6, அதாவது சுமார் 22%. ஐந்து இரவு வைத்தால் 8% ஆகக் குறையும். ஒவ்வோர் இரவின் முடிவையும் தனித்தனியாகக் குறித்தால்தான் இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியும். மொத்தமாகக் கூட்டி எழுதிய குறிப்பு இதற்கு உதவாது.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பூங்காவில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னலின் குழு 1914 முதல் 1920 வரை எழுதிய களக்குறிப்புகள் இன்றும் பயன்படுவது அதனால்தான். 2003க்குப் பின் அங்கே மறுஆய்வு நடந்தது. ஆராய்ந்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி மேலேறியிருந்தன, சராசரியாகச் சுமார் 500 மீட்டர். 1890 முதலே பூங்காவாகக் காக்கப்பட்ட நிலம் என்பதால் பழியை வாழிட அழிவின் மேல் எளிதில் போட முடியாது.

மலையில் பழைய பதிவின் இடம் துல்லியமாக இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். 300 மீட்டர் உயரப் பிழையே சுமார் 2 டிகிரி வெப்பநிலைப் பிழை. பொதுமக்கள் பதியும் பறவைப் பட்டியல்களில் மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நூறு பட்டியலில் எத்தனையில் அந்தப் பறவை வருகிறது என்று பாருங்கள். பார்ப்பவர்கள் பெருகினாலே எல்லை விரிந்ததுபோலத் தெரியும்.