கேஷியர் பதில்கள்: சிலையாக நிற்கும் வங்கிக்காரர்

கெய்ரோ போன என் மகன் ஒரு படம் அனுப்பினான். நாற்சந்தி நடுவே, தர்பூஷ் தொப்பி போட்ட ஒருவரின் சிலை. தலாத் ஹர்ப் என்று பெயராம். அவர் ராஜாவா, தளபதியா?
– வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் இல்லை அம்மா, வங்கிக்காரர். முன்பு அங்கே நின்றவர்தான் தளபதி: எகிப்தியப் படையைப் பழக்கிய பிரெஞ்சுக்காரரான சுலைமான் பாஷா. எகிப்து அதிபர் நாசர் காலத்தில் அவரை இறக்கிவிட்டு இவரை ஏற்றினார்கள். கேஷ் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான். எங்கள் ஜாதிக்காரர் ஒருவருக்கு ஊர் நடுவில் சிலை என்றால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

சொந்தமாக வங்கி தொடங்கும் அளவுக்கு அவர் பெரிய பணக்காரரா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. 1867ல் கெய்ரோவில் பிறந்து, சட்டம் படித்து 1889ல் வெளியே வந்தார். அரச குடும்பத்து நிலங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. பிறகு, நிலம் வாங்கி விற்கும் கம்பெனிகளில் நிர்வாகி. அங்கே முதல் போட்டவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டாரும் கெய்ரோவின் யூதச் செல்வக் குடும்பங்களும். தொழிலை அவர்களிடம்தான் கற்றார்.

எகிப்தில் அப்போது விளைந்தது பஞ்சு. அதை வாங்கக் கடன் கொடுத்தவை அந்நிய வங்கிகள். 1898ல் தொடங்கிய ‘நேஷனல் பாங்க் ஆஃப் ஈஜிப்ட்’தான் நோட்டு அச்சிட்டது. பெயரில்தான் நேஷனல், பிடி முழுக்க வெளிநாட்டார் கையில். 1910ல் சூயஸ் கால்வாய் கம்பெனி, 1968ல் முடியவேண்டிய குத்தகையை இன்னும் 40 வருஷம் நீட்டிக் கேட்டது. கூடாது என்று ஹர்ப் கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதினார். எகிப்தியப் பொதுச்சபையும் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அடுத்த வருஷம், எகிப்தியருக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று இன்னொரு புத்தகம். நடுவில் உலகப்போர் வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது.

1920ல் மிஸ்ர் வங்கி பிறந்தது. மிஸ்ர் என்றால் அரபியில் எகிப்து. மூலதனம் 80,000 பவுண்டு. 4 பவுண்டு வீதம் 20,000 பங்கு. எகிப்தியர் மட்டுமே வாங்கலாம், கணக்கு வழக்கெல்லாம் அரபியில். ஆனால் எகிப்தியர் என்பதற்கு அவர் குறுகலாக அர்த்தம் வைக்கவில்லை. தொடங்கிய குழுவிலேயே யூசுப் கத்தாவி இருந்தார். யூத சமூகத்துப் பெரிய மனிதர், 1924ல் நாட்டின் நிதி மந்திரி. முதல் தலைவராக யெகென் பாஷாவை உட்காரவைத்துவிட்டு, ஹர்ப் நிர்வாக இயக்குநராக இருந்துகொண்டார். சாவி எங்கே இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா!

அவர் பெண் விடுதலைக்கு எதிரி என்று படித்தேன். உண்மையா?
– மாணவி, கோவை

உண்மைதான், மழுப்ப வேண்டாம். 1899ல் காசிம் அமீன் என்ற எகிப்திய எழுத்தாளர் பெண் விடுதலை பற்றி எழுதியபோது, பர்தாவை ஆதரித்து மறுப்பு எழுதியவர் ஹர்ப். அதே மனிதரின் வங்கிதான் 1935ல் பிரமிட் சாலையில் ‘ஸ்டூடியோ மிஸ்ர்’ கட்டியது, சினிமா படிக்க இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அந்த ஸ்டூடியோவிலிருந்து வந்த முதல் படத்தில் கதாநாயகி, பிரபல பாடகி உம் குல்தூம்! மனசு மாறினாரோ, வியாபாரம் மாற்றியதோ.

இவ்வளவு சாதித்தவர் ஏன் 1939ல் ராஜினாமா செய்தார்? ஊழலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ஊழல் இல்லை சார். அவர் வங்கி நடத்திய விதமே அப்படி. டெபாசிட் பணத்தை அடுத்தடுத்துக் கம்பெனிகளில் போட்டார். அச்சகம், பஞ்சு அரைவை, 1927ல் மகல்லா அல் குப்ராவில் பெரிய நூற்பு நெசவாலை, 1932ல் விமானக் கம்பெனி, அப்புறம் இன்ஷூரன்ஸ், கப்பல். ஹஜ் பயணிகளை ஏற்றிப்போன அவர்களுடைய ‘ஜம்ஜம்’ கப்பல், அதற்கு முன்னால் வேறு பெயரில் ரங்கூன் தடத்தில் ஓடிய பழைய கப்பல்தான்.

டெபாசிட்காரர் எந்த நிமிஷமும் பணம் கேட்பார். தறி எந்த நிமிஷமும் பணமாகாது. ஹர்ப் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

எங்கள் கிளையில் ஒருமுறை ஏதோ வதந்தி கிளம்பி, காலை பத்துக்குள் வாசல்வரை கூட்டம். மேனேஜர், கட்டுக்கட்டாக நோட்டை எடுத்து ஜனங்கள் கண்ணில் படும்படி கவுண்டருக்குப் பின்னால் அடுக்கச் சொன்னார். மதியத்துக்குள் பாதிப் பேர் டோக்கனைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுக்க நோட்டு இருந்ததால் பிழைத்தோம். ஹர்பிடம் அது இல்லை.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் கெய்ரோவில் ஜனங்கள் பணம் எடுக்க முண்டியடித்தார்கள். அஞ்சலகச் சேமிப்புப் பணமும் மிஸ்ர் வங்கியை விட்டு வெளியே போயிற்று. ஹர்ப் நேஷனல் பாங்கிடம் கடன் கேட்டார்; மறுத்துவிட்டது. கடைசியில் அரசு கைகொடுக்க முன்வந்தது, ஆனால் அவர் விலகவேண்டும். செப்டம்பர் 14ம் தேதி விலகினார். வயது 71. ரெண்டு வருஷம் கழித்து, 1941 ஆகஸ்டில் காலமானார்.

தப்பு அவர்மேலும் உண்டு, நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு வங்கி இத்தனை ஆலைகளுக்குத் தாயாக இருக்கக்கூடாது. ஆனால் எகிப்தியருக்கு ஆலை வைக்க நீண்ட காலக் கடன் தர அன்று வேறு யார் இருந்தார்கள்?

அவருக்குப் பின் வங்கி என்ன ஆயிற்று?
– வாசகர், சேலம்

நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஹாபிஸ் அபிபி பாஷா. படித்தது குழந்தை வைத்தியம். பார்த்தது மந்திரி வேலையும் லண்டனில் தூதர் வேலையும். அரசு ஆதரவு இருந்ததால் வங்கி நிமிர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், போரினால் வெளிநாட்டுத் துணி வரத்துக் குறைந்து, வங்கியை முடக்கிய அதே மகல்லா தறிகள் லாபத்தைக் கொட்டின. அதைப் பார்த்தவர் அபிபி.

1951 டிசம்பரில் பாரூக் மன்னர் அவரை அரண்மனை அலுவலகத் தலைவராக்கினார். ஏழு மாதத்தில் மன்னரே பதவி இழந்து அலெக்சாண்டிரியாவில் கப்பலேறிப் போய்விட்டார். மிஸ்ர் வங்கியை நாசர் 1960ல் அரசுடைமையாக்கினார். இன்றும் கவுண்டர் திறந்துதான் இருக்கிறது.