ஆர்கெஸ்ட்ராவும் 24ஆம் ரேங்க்கும்

ஐயா,
டெக்சஸில் வசிக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பை முடிக்கப்போகிறாள். 412 பேரில் 24ஆவது ரேங்க், எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1600க்கு 1510. மறுபடி எழுதி 1550ஐத் தாண்ட வேண்டுமா? ரேங்க் ஏறுவதற்காக, அடுத்த வருடம் ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு இன்னொரு ஏபி (கல்லூரித் தரப் பாடம்) எடுக்கச் சொன்னேன். அழுகிறாள். யூடி ஆஸ்டினில் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் குறி.
ஆர்.

அன்புள்ள ஆர்,

1510 நல்ல மதிப்பெண். முப்பது நாற்பது புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அந்தத் தேர்வில் சகஜம். அவளுக்கே ஆசை என்றால் எழுதட்டும். என்னை உறுத்துவது ஆர்கெஸ்ட்ரா.

உங்கள் கணக்கு தெரிகிறது. ஏபியில் ஏ வாங்கினால் 5, சாதாரண வகுப்பில் 4 என்று வைத்திருக்கும் பள்ளியில், ஏழு ஏபியிலும் ஏ என்றால் சராசரி 5.0. எட்டாவதாக ஆர்கெஸ்ட்ரா எடுத்து அதிலும் ஏ வாங்கினால் 39ஐ எட்டால் வகுத்து 4.875. நன்றாக வாசித்ததற்குத் தண்டனை! கோணல் கணக்குதான். ஆனால் நுண்கலை வகுப்புகளை ரேங்க்கில் சேர்க்காத பள்ளி மாவட்டங்கள் அங்கே உண்டு. பாஸ்-ஃபெயிலாக எடுக்க விடுபவையும் உண்டு. பள்ளியில் பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

அதைவிட, காலத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தோடு போவது பெரும்பாலும் 11ஆம் வகுப்பு முடிவில் போட்ட ரேங்க். அடுத்த வருட ஏபியின் மதிப்பெண் வருவதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்திருக்கும். அந்தப் பாடம் விண்ணப்பத்தில் வெறும் பெயராக நிற்கும், ரேங்க்கை அசைக்காது. பிறகு எதற்காக அந்தப் பிள்ளையிடமிருந்து வயலினைப் பிடுங்குகிறீர்கள்? (வயலின் என்பது என் ஊகம். செல்லோவாக இருந்தாலும் இதே திட்டுதான்.)

டெக்சஸில் 1997இல் வந்த சட்டம், பள்ளி ரேங்க்கில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் தந்தது. ஆஸ்டினுக்கு மட்டும் 2009இல் அதைத் திருத்தினார்கள்: டெக்சஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதம் நிரம்பும் அளவுக்குக் கொடுத்தால் போதும். அதனால் கோடு வருடாவருடம் நகர்கிறது. 6 சதவீதமாக இருந்தது, 2026 சேர்க்கைக்கு 5 ஆனது. 412இல் 5 சதவீதம் என்றால் 20 பேர். உங்கள் மகள் கோட்டுக்கு நான்கு இடம் வெளியே.

உள்ளே இருந்தாலும் அந்தச் சட்டம் தருவது பல்கலைக்கழகத்தில் இடம், கம்ப்யூட்டர் சயின்ஸில் அல்ல. அதற்கு 3ஆவது ரேங்க்கும் 24ஆவது ரேங்க்கும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்: எடுத்த பாடங்கள், கணிதத்தில் எதுவரை போனாள், கட்டுரை, வகுப்புக்கு வெளியே செய்தது, எஸ்ஏடி எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பல வருடம் தொடர்ந்த ஆர்கெஸ்ட்ராவும் அங்கே கண்ணில் படும்.

அடுத்த வருடப் பாடத்தேர்வை மாற்ற அனேகமாக இன்னும் அவகாசம் இருக்கும். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.