கார்டு வாங்கக் கிளம்பும் முன்…

வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: மெட்டாவின் வி.ஆர். ஹெட்செட்டான குவெஸ்ட் 3 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 மானிட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஹெட்செட்டைப் போட்டால் திக்குகிறது. என்னிடம் இருப்பது ஆர்.டி.எக்ஸ். 3060 (12 ஜிபி) கிராஃபிக்ஸ் கார்டு, ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ரேம். "4070 சூப்பர் போட்டால் எல்லாம் சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். எது திணறுகிறது என்று பார்க்காமல் வாங்கினால், முன்டயர் பஞ்சரான வண்டிக்குப் பின்டயர் மாற்றியது போலாகிவிடும்.

உங்கள் மானிட்டர் 1080பி என்றால் அதில் இருப்பவை சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064×2208. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். 4கே திரையே 83 லட்சம்தான். லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட இதற்கும் மேலே வரைய வேண்டியிருக்கும். மானிட்டரில் நன்றாக ஓடிய கார்டு இங்கே மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து, திக்கல் எந்த வகை என்று பாருங்கள். தலையை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். காக்பிட் அப்படியே நிற்க, இறக்கைக்குக் கீழே ஓடும் வயல்கள் மட்டும் விட்டு விட்டு நகர்ந்தால், அது ஃபிரேம் குறைவு, அதாவது நொடிக்கு வரையும் படங்கள் போதவில்லை. காக்பிட்டே துள்ளினால், ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தால், கார்டு நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அல்லது கேபிளோ வைஃபையோ தவறுகிறது. தலை திரும்புவதைச் சமாளிக்கும் வேலையைக் கடைசி நொடியில் வேறொரு மென்பொருள் செய்கிறது. அதற்கும் கார்டில் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

இனி சோதனை. செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை இயக்கி, மேலே வரும் மெனுவில் எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டும் பெட்டியைத் திறந்து வையுங்கள். திருச்சி விமான நிலையத்தில் செஸ்னா 172-ஐ எடுத்து, காலை 10 மணி, மேகமில்லாத வானம் என்று வைத்து, நேர் தெற்கே 3000 அடியில் பறந்து வாருங்கள். சுமார் 40 நாட்டிக்கல் மைல் தள்ளி காரைக்குடி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பாதை, இதே நேரம். இல்லாவிட்டால் வித்தியாசம் செட்டிங்கால் வந்ததா மேகத்தால் வந்ததா என்று தெரியாது.

பெட்டியில் "லிமிடெட் பை ஜிபியு" (திணறுவது கார்டு) என்று வருகிறதா, "மெயின்த்ரெட்" (திணறுவது பிராசஸர்) என்று வருகிறதா? உறுதிசெய்ய ஒரு வழி: வி.ஆர். பகுதியில் ரெண்டர் ஸ்கேலிங்கை 100-லிருந்து 70-க்கு இறக்குங்கள். படம் மங்கும், போகட்டும். பெட்டியில் தெரியும் மில்லிசெகண்ட் எண் (ஒரு ஃபிரேம் வரைய ஆகும் நேரம்) நன்றாகக் குறைந்தால் குற்றவாளி கார்டு. அசையவே இல்லை என்றால் பிராசஸர். கார்டுக்குச் செலவழித்தாலும் அந்த எண் அப்படியேதான் நிற்கும். உங்கள் கூட்டணியில், வயல்வெளி மேலே பறக்கும்போது கார்டும், பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது பிராசஸரும் மாறி மாறித் திணற வாய்ப்பு அதிகம்.

செலவில்லாத மருந்துகள் முதலில். ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்போது ஒரு ஃபிரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கும். 90-இல் 11.1 மட்டுமே. 72-ஐயும் எட்ட முடியாது என்பதால், மெட்டா மென்பொருளோடு வரும் ஆக்குலஸ் டீபக் டூலில் ஏ.எஸ்.டபிள்யூ.வை (இடை ஃபிரேம்களை ஊகித்து நிரப்பும் வசதி) பாதி வேகத்துக்குக் கட்டிவிடுங்கள். பட்டியலில் "45" என்றுதான் போட்டிருக்கும், 72-இல் அது 36 ஆக வேலை செய்யும். இப்போது உங்களுக்கு 27.8 மில்லிசெகண்ட் அவகாசம். நடுவில் விடுபடும் ஃபிரேமை மென்பொருள் ஊகித்து வரையும். அதனால் சுழலும் புரொப்பெல்லரைச் சுற்றிக் கானல் நீர் மாதிரி நெளியும். அது கோளாறு இல்லை, இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை. 28-க்கும் 40-க்கும் இடையே ஊசலாடுவதைவிட, அசையாத 36 கண்ணுக்கு எவ்வளவோ இதம்.

பிராசஸர் திணறினால் டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயிலை (நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாக வரைவது) 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள். விமானம், கார், கப்பல் போக்குவரத்தைக் குறையுங்கள். கிளாஸ் காக்பிட் ரிஃப்ரெஷ் ரேட்டை "லோ" ஆக்குங்கள். கார்டு திணறினால் மேகத்தை "ஹை"யோடு நிறுத்தி, டி.எல்.எஸ்.எஸ். குவாலிட்டி போட்டுப் பாருங்கள். அது நீள அகலத்தில் 67 சதவீத அளவில் வரைந்து பெரிதாக்குவது. புள்ளிக்கணக்கில் பாதிக்கும் குறைவான வேலை. ஆனால் கண்ணாடித் திரைக் கருவிகளில் எண் மாறும்போது பழைய எண்ணின் நிழல் இழுபடும். ஊசிக் கருவிகள் உள்ள பழைய செஸ்னாவில் இது அவ்வளவாக உறுத்தாது.

பலரும் தவறும் இடம் ஒன்று: மெட்டா ஆப்பில் ரெசொல்யூஷனை 1.3 என்று ஏற்றிவிட்டு, விளையாட்டுக்குள் ரெண்டர் ஸ்கேலிங்கையும் 120 ஆக்குவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் கை வையுங்கள். லிங்க் கேபிளில் (ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி கேபிள்) ஓட்டும்போது, விளையாட்டையும் ஹெட்செட்டையும் இணைக்கும் ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைம் மெட்டாவுடையதாக இருக்க வேண்டும். நடுவில் ஸ்டீம்விஆர் என்ற இன்னொரு வி.ஆர். மென்பொருள் நுழைந்தால் அதுவும் தன் பங்கைத் தின்னும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தையும் பாருங்கள். 3200 என்று வாங்கிய ரேம், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக வசதியை இயக்காததால் 2133-இலோ 2400-இலோ தூங்கிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். ஒரே குச்சியாக 16 ஜிபி போட்டிருந்தால், முதலில் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.

இத்தனைக்குப் பிறகும் மெயின்த்ரெட் என்றே வந்தால், உங்கள் ஏ.எம்.4 மதர்போர்டிலேயே உட்காரும் ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற பெரிய கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள பிராசஸரைத் தேடுங்கள். பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். கூலர் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். ஜிபியு என்றே வந்தால் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் 4070 சூப்பர் 220 வாட் இழுக்கும், 650 வாட் பவர் சப்ளை கேட்கும். உங்களுடையது எத்தனை வாட் என்று அவர் கேட்டாரா?

கேள்வி: எங்களுடையது நடுவில் வளவு (முற்றம்) வைத்த, சுவர் கனத்த பழைய வீடு. ரூட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டு அறையில். ஏர் லிங்க்கில் (கேபிள் இல்லாமல் வைஃபையில் ஹெட்செட்டை இணைப்பது) படம் கட்டம் கட்டமாக உடைகிறது. விலை கூடிய ரூட்டர் வாங்கினால் தீருமா?
— கானாடுகாத்தான் வாசகர்

பதில்: அந்தச் சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்ப எந்த விலை ரூட்டராலும் முடியாது. செங்கல்லும் சுண்ணாம்புமாக அவ்வளவு கனத்தில் கட்டியவர்கள் வெயிலை நிறுத்தத்தான் கட்டினார்கள், வைஃபையும் சேர்ந்து நின்றுவிட்டது.

விளையாடும் அறைக்குள்ளேயே வைஃபை 6 ரூட்டர் ஒன்றை வையுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு லேன் கேபிள். வைஃபையில் ஹெட்செட் மட்டும் இருக்கட்டும், வீட்டு போன்களும் டிவியும் பழைய ரூட்டரிலேயே கிடக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் வைத்து, பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தகவல் அளவு) 100 எம்.பி.பி.எஸ்.ஸில் தொடங்கி, உடையாத வரை 150, 200 என்று ஏற்றுங்கள்.

வாங்கும்போது பெட்டியின் முகப்பை நம்பாதீர்கள். "1200 எம்.பி.பி.எஸ்." என்று பெரிதாகப் போட்ட சில ரூட்டர்களில் லேன் போர்ட் 10/100 மட்டுமே. கம்ப்யூட்டரிலிருந்து வருவதே நூறுக்குள் அடங்கிவிடும். பின்பக்க விவரத்தில் "கிகாபிட் லேன்" அல்லது "10/100/1000" இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சிமுலேட்டரின் நிலக்காட்சி இணையத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருப்பதால் முகப்பு ரூட்டரோடும் தொடர்பு வேண்டும். கேட்6 கேபிளை நிலைவாசல் ஓரமாகவும் வளவின் உத்தரத்தை ஒட்டியும் கொண்டுபோகலாம். பளிங்கு மாதிரி இழைத்த அந்தப் பூச்சில் டிரில் வைத்துவிடாதீர்கள். அதைத் திரும்பப் பூச ஆள் தேடுவது ரூட்டர் தேடுவதைவிடக் கஷ்டம்.

உட்கார்ந்தே ஓட்டுவதால் 5 மீட்டர் யுஎஸ்பி 3 கேபிளே போதும் என்பது எங்கள் கட்சி. ஹெட்செட்டோடு வரும் சார்ஜிங் கேபிள் இதற்கு ஆகாது. மெட்டா ஆப்பில் உள்ள யுஎஸ்பி சோதனையில் 2 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டினால் கேபிளும் போர்ட்டும் சரி. கம்ப்யூட்டர் போர்ட் தரும் மின்சாரம் பெரும்பாலும் போதாது, பேட்டரி மெல்ல இறங்கும். நீண்ட பயணம் போகிறவர்கள் நடுவில் சார்ஜர் செருகும் வசதியுள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டான். 4060 போட்ட லேப்டாப் வாங்கிக்கொடுத்தால் வி.ஆர். விமானம் ஓடும் என்கிறான். ஒரே 4060-க்குக் கடைக்குக் கடை இவ்வளவு விலை வித்தியாசம் ஏன்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை

பதில்: பெயர் ஒன்று, சத்து வேறு, ஐயா. லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் கம்பெனிகள் கட்டலாம். மெல்லிய லேப்டாப்பில் பெரும்பாலும் குறைந்த அளவு. "டி.ஜி.பி. (கார்டுக்குத் தரும் மின்சார அளவு) எத்தனை வாட்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். நூறுக்கு மேல் இருந்தால் குவெஸ்ட் 3எஸ் அளவுக்கு, நடுத்தர செட்டிங்கில் சமாளிக்கும். அதன் 8 ஜிபி நினைவகம் நிரம்பினால் திடீரென்று ஒரு நொடி உறையும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகும்.

"ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் இரண்டு மடங்கு" என்ற விளம்பர எண்களை வி.ஆருக்குக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த வசதி மானிட்டருக்கு.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் அணைகிறது. 600 விஏ யுபிஎஸ் இருந்தும் இப்படி. ஏன்?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: 600 விஏ என்பது ஏறக்குறைய 360 வாட். வி.ஆர். ஓடும்போது உங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாண்டிவிடுகிறது. குறைந்தது 1000 விஏ, முடிந்தால் ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள். நாலைந்து நிமிடம் தாங்கும், விமானத்தை இறக்க அல்ல, கம்ப்யூட்டரை முறையாக மூட. கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். ஆத்தங்குடிப் பூக்கல் குளிர்ச்சிதான், தூசியும் அங்கேதான். சித்திரை வெயிலில் தூசி அடைத்த ஃபேனோடு ஓடினால் கார்டு சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கினால் முதல் சந்தேகம் இதன்மேல்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஹெட்செட்டில் வலது கண்ணில் அணையாத வெள்ளைப் புள்ளி. இம்போர்ட்டட் பொருள், வாரன்டி கிடையாது என்று விற்றவர் கைவிரிக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவிடமே சொல்லியிருக்கலாமோ?
— புதுவயல் வாசகி

பதில்: சித்தப்பா வாங்கிவந்தாலும் பழுதானால் அங்கேதான் அனுப்ப வேண்டியிருக்கும், அது வேறு தலைவலி. உங்கள் விஷயத்தில், வாரன்டி இல்லை என்பது பழுதான பொருளை விற்க அனுமதி ஆகிவிடாது. கறுப்புத் திரையில் புள்ளி தெரியும்படி லென்ஸ் வழியே போனில் படம் எடுங்கள். பில், பார்சல் லேபிள், விற்றவரின் பதில் எல்லாம் சேர்த்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வசிக்கும் இடம் என்ற முறையில் நீங்கள் சிவகங்கையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு.

படத்தை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள். மாற்று ஹெட்செட் வந்ததும் அதை வளவு ஓரத்தில் லென்ஸ் மேல்நோக்கி வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். திறந்த வளவில் விழும் வெயில் அந்த லென்ஸ் வழியே குவிந்து சில நிமிடத்தில் திரையைப் பொசுக்கிவிடும். அதற்கு எந்த ஆணையத்திலும் நஷ்டஈடு கிடைக்காது.