சன்னிசைட், உட்சைட் பகுதியில் ஐரிஷ் சமூக வாழ்க்கை: கேள்வி பதில்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் பலர், சன்னிசைட், உட்சைட் தெருக்களில் தாங்கள் காணும் ஐரிஷ் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. இங்கே நெடுங்காலம் வசித்து, ஊர்வலத்தில் தன்னார்வலராகவும் இசைக் கூடல்களில் கேட்பவராகவும் பழகி அறிந்ததை மட்டுமே எழுதுகிறேன். வீட்டு வாடகையும் பள்ளிச் சேர்க்கையும் டப்ளினில் வேலைவாய்ப்பும் என் துறையல்ல.

கேள்வி (சன்னிசைட்): புனித பேட்ரிக் ஊர்வலம் எந்த நாளில், எந்தத் தெருவில் நடக்கும்?

பதில்: அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் நினைவாக நடக்கும் ஊர்வலங்கள் பல உண்டு. மான்ஹாட்டனின் ஐந்தாம் அவென்யூவில் மார்ச் 17 அன்று நடப்பது 1762 முதல் கணக்கிடப்படும் பெரிய ஊர்வலம். 44ஆம் தெருவில் தொடங்கி 79ஆம் தெருவில் முடியும். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் முந்தைய சனிக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள். அதில் அலங்கார வண்டிகளுக்கு இடமில்லை. 69ஆம் காலாட்படைப் பிரிவு முன்னே செல்ல, அயர்லாந்தின் மாவட்டங்கள்வாரியாக அமைந்த சங்கங்களும் பைக்குழல் குழுக்களும் தீயணைப்புத் துறையினரும் காவலர்களும் நடந்தே வருவார்கள். நம் பகுதியில் நடப்பது ‘செயின்ட் பேட்ஸ் ஃபார் ஆல்’ என்னும் ஊர்வலம். வழக்கமாக மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஸ்கில்மன் அவென்யூவில் 43ஆம் தெருவருகே தொடங்கி உட்சைடை நோக்கிச் செல்லும். ராக்கவே கடற்கரையில் வழக்கமாக மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை மற்றொன்று உண்டு. எதற்கும் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி (ஜாக்சன் ஹைட்ஸ்): தெருவில் நடந்தால் பிலிப்பினோ, கொரிய, லத்தீன் அமெரிக்க முகங்களைத்தான் பார்க்கிறேன். பிறகு ஏன் இதை ஐரிஷ் பகுதி என்கிறார்கள்?

பதில்: இந்தத் தொகுப்பில் நான் மிகவும் விரும்பிய கேள்வி இது. 1917இல் ஏழாம் எண் ரயில் தடம் இந்தப் பக்கம் நீண்டபோது, மான்ஹாட்டனின் நெரிசலான குடியிருப்புகளில் இருந்த ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்கள் காற்றோட்டமான வீடுகளைத் தேடி உட்சைடுக்கு வந்தன. தேவாலயம், அதை ஒட்டிய பள்ளி, மூலைக்கு மூலை மதுக்கூடம் என்று ஒரு வாழ்க்கைமுறை வேரூன்றியது. 1920களில் வந்த குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்திருந்தது. அயர்லாந்துக்கு ஆண்டுக்கு 17,000க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. இந்தியாவுக்கு 1946க்குப் பிறகுதான் இடமே கிடைத்தது, அதுவும் ஆண்டுக்கு 100. இந்த ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நம்மவர்கள் பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் வந்து இறங்கியதும், இதே ரயில் தடத்தின் மறுமுனையான ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோவில் எழுந்ததும் அந்தச் சட்டத்தின் விளைவுகள்தாம். அதே சட்டம் அயர்லாந்திலிருந்து வருவோருக்கு வாசலைக் குறுக்கியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1980களில் அயர்லாந்தில் வேலையின்மை கடுமையானபோது இளைஞர்கள் சுற்றுலா விசாவில் வந்து, தவணை கடந்தும் தங்கி, கட்டடப் பணிகளிலும் குழந்தைப் பராமரிப்பிலும் ஆவணமின்றி உழைத்தார்கள். உட்சைட் மீண்டும் ஐரிஷ் பேச்சால் நிறைந்த காலம் அது. 1986, 1990 ஆண்டுச் சட்டங்களின் வழியாக சட்டப்படி குடியேற வழிசெய்யும் டானலி விசா, மாரிசன் விசா என்பவை வந்தன. மாரிசன் திட்டத்தில் மூன்று ஆண்டுகளில் 48,000 இடங்கள் அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. பின்னர் 1990களின் நடுவில் அயர்லாந்தின் பொருளாதாரம் எழுச்சி பெற்றதும் பலர் ஊர் திரும்பினார்கள், வசதி வந்தவர்கள் புறநகர் சென்றார்கள். எனவே இன்று வாசலில் நிற்பவர்களை எண்ணி இந்தப் பகுதியை அளக்க முடியாது. இறைச்சிக் கடை, இசைக் கூடல், மாவட்டச் சங்கக் கூட்டம், முதியோர் மதிய உணவு ஆகியவற்றுக்காக ஊர் மாறியவர்களும் திரும்ப வருகிறார்கள்.

கேள்வி (எல்ம்ஹர்ஸ்ட்): மாரிசன் விசா நமக்கும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, அது 1990களிலேயே முடிந்துவிட்டது. குடியேற்ற ஆலோசனைக்கு உட்சைடில் உள்ள எமரால்ட் ஐல் குடியேற்ற மையத்தை அணுகுங்கள். ஐரிஷ்காரர்கள் தொடங்கியதுதான் என்றாலும் எல்லா நாட்டவருக்கும் உதவுகிறது. என்னிடம் சட்டம் கேட்காதீர்கள்.

கேள்வி (லாங் ஐலண்ட்): ஊர்வல நாளில் காரை எங்கே நிறுத்துவது?

பதில்: நிறுத்த முடியாது. ஏழாம் எண் ரயிலில் வாருங்கள். வார இறுதிகளில் அந்தத் தடத்தில் பராமரிப்புப் பணிக்காக ரயில்களை நிறுத்துவது அடிக்கடி நடப்பதால், கிளம்புமுன் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி (உட்சைட்): நாங்கள் சைவம், மதுவும் அருந்துவதில்லை. அலுவலக நண்பர் ஐரிஷ் பப்புக்கு அழைக்கிறார். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். பப்பில் தேநீர் கேட்பது இழுக்கல்ல. பலர் அதைத்தான் கேட்கிறார்கள். அயர்லாந்தில் மது தொடாதவர்களின் மரபு ஒன்றும் வலுவாக உண்டு. 1898இல் டப்ளினில் தொடங்கப்பட்ட பயனியர் மதுவிலக்குச் சங்கத்தின் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருக்கும் பெரியவர்களை இன்றும் காணலாம். சோடா ரொட்டியும் வெண்ணெயும், உருளைக்கிழங்கை முட்டைக்கோஸுடன் மசித்துச் செய்யும் கோல்கனன், காய்கறி சூப் ஆகியவை உங்களுக்குப் பொருந்தும். சூப்பில் இறைச்சிச் சாறு உண்டா என்று கேட்டுவிடுங்கள். காலை உணவுத் தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது பன்றி இரத்தம் சேர்த்த தொத்திறைச்சி.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மதுக்கூடங்களில் ‘ஐரிஷ் கார் பாம்’ என்ற பெயரில் ஒரு கலவைப் பானம் உண்டு. அந்தப் பெயரை ஐரிஷ்காரர் நடத்தும் கூடத்தில் உச்சரிக்காதீர்கள். 1974 மே 17 அன்று டப்ளினிலும் மொனகனிலும் கார் வெடிகுண்டுகளால் 33 பேர் இறந்தார்கள்; 1998 ஆகஸ்டில் வட அயர்லாந்தின் ஓமா நகரில் 29 பேர். அந்த மண்ணிலிருந்து வந்தவர் உங்களுக்குக் கிண்ணம் நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி (ஃபாரஸ்ட் ஹில்ஸ்): ஐயா, நான் கஞ்சிரா வாசிப்பவன். பப்பில் நடக்கும் இசைக் கூடலில் சேர்ந்து வாசிக்கலாமா?

பதில்: முதல் நாள் கஞ்சிராவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஐரிஷ் இசைக் கூடல் கச்சேரியன்று. மேடையும் பக்கவாத்தியப் படிநிலையும் இல்லாமல், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டுக்கும் பொதுவாக இரண்டு பகுதிகள்; ஒவ்வொன்றும் எட்டு அளவை, இருமுறை. முழு மெட்டை மூன்று சுற்று வாசித்தபின், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ரீல் என்னும் மெட்டு வகையை நீங்கள் சதுஸ்ர (நான்கு எண்ணிக்கை) நடையாகக் கேட்பீர்கள், ஜிக் என்பது திஸ்ரம் (மூன்று), ஸ்லிப் ஜிக் என்பது மூன்று மும்மைகள் சேர்ந்த ஒன்பது. ஆகவே லயம் உங்களுக்கு உடனே பிடிபடும், ஆபத்தும் அங்கேதான். அங்கே தனி ஆவர்த்தனம் இல்லை, கோர்வைக்கு எவரும் காத்திருக்கவில்லை. போரான் என்னும் ஆட்டுத்தோல் வட்டப்பறை ஒன்று ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது தாளக் கருவியைப் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். சில வாரங்கள் கேளுங்கள், மெட்டுகளை மனப்பாடம் செய்யுங்கள், கூடலை நடத்துபவரிடம் அனுமதி கேளுங்கள்; பிறகு மெல்ல வாசியுங்கள். பெரும்பாலும் வரவேற்பார்கள், தோலைத் தொட்டுப் பார்த்து ஆயிரம் கேள்விகளும் கேட்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து 1914இல் வந்த மைக்கேல் கோல்மன் என்ற வயலின் கலைஞர் 1920களில் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்த வயலின் கலைஞர்களின் பாணியையே மாற்றின.

கேள்வி (ஆஸ்டோரியா): இந்த ஆண்டு ஊர்வலம் எந்தத் தேதி?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சன்னிசைட்): ஐந்தாம் அவென்யூவில் அத்தனை பெரிய ஊர்வலம் இருக்க, இங்கே தனியாக ஒன்று எதற்கு?

பதில்: ஐந்தாம் அவென்யூவில் ஓரினச் சேர்க்கையாளர் குழுக்கள் தங்கள் பதாகையோடு நடக்கப் பல்லாண்டுகள் தடை இருந்தது. 1991இல் மேயர் டேவிட் டிங்கின்ஸ் அத்தகைய ஐரிஷ் குழு ஒன்றோடு நடந்தபோது அவர்மீது பீர் வீசப்பட்டது. அதன்பின் அந்தக் குழுவுக்கு இடமே தரவில்லை. அதற்கு மாற்றாக, பிரெண்டன் ஃபே என்ற செயற்பாட்டாளர் முன்னின்று 2000இல் சன்னிசைடில் தொடங்கியதுதான் நம் ஊர்வலம். தேசத்தின் எல்லாக் குழந்தைகளையும் சமமாகப் பேணுவோம் என்ற 1916 அயர்லாந்து விடுதலைப் பிரகடன வாக்கை அது தன் முழக்கமாகக் கொண்டது. அதனால்தான் கொரிய மேளக்காரர்களும் லத்தீன் அமெரிக்க நடனக் குழுக்களும் அதில் வருகிறார்கள்.

கேள்வி (பேசைட்): ஊர்வலம் நடத்துபவர்கள் யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் உரிமை அல்லவா? நம் ஊர்த் திருவிழாவில் மண்டகப்படி யாருக்கு என்று வெளியார் சொல்ல முடியுமா?

பதில்: சட்டம் உங்கள் பக்கம்தான். பாஸ்டன் ஊர்வலம் குறித்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அப்படியே தீர்ப்பளித்தது. ஆனால் மண்டகப்படியை நீங்களே இழுத்தீர்கள். அந்த உரிமைக்காக நம் ஊர்களில் எத்தனை தலைமுறைகள் சண்டையிட்டன, யார் யாரைத் தெருவுக்குள் விடவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள். மேலும், இங்கே தடை கோரியவர்களும் எதிர்த்தவர்களும் ஐரிஷ்காரர்களே. வெளியார் யாரும் வந்து சொல்லவில்லை.

கேள்வி (பேசைட், மீண்டும்): அது கத்தோலிக்க மத ஊர்வலம். மத நம்பிக்கையை அரசியலாக்கியது எதிர்த்தரப்பு.

பதில்: காவல்துறையும் தொழிற்சங்கங்களும் ஓட்டுக் கேட்கும் அரசியல்வாதிகளும் நடக்கும் ஊர்வலத்தை மத ஊர்வலம் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. 2014இல் கின்னஸ் பீர் நிறுவனம் ஆதரவை விலக்கிக்கொண்டது, மேயர் டி பிளாசியோ புறக்கணித்தார். 2015இல் முதன்முறையாக அத்தகைய குழு ஒன்று பதாகையோடு அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஊர்வலத் தலைவராக முன்னே நடந்தவர் நியூயார்க்கின் அப்போதைய பேராயர், கர்தினால் டோலன். அவருக்கே ஏற்புடையதானது கத்தோலிக்கத்துக்கு விரோதம் என்று நீங்கள் வாதிட விரும்பினால், அதை அவரிடம் வாதிட வேண்டும். 2016இல் ஃபே அவர்களின் குழுவும் நடந்தது.

கேள்வி (வேறொருவர், ரீகோ பார்க்): அப்படியானால் சன்னிசைட் ஊர்வலத்தின் தேவை முடிந்துவிட்டதே?

பதில்: முடியவில்லை. பெரிய ஊர்வலத்தில் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இங்கே பக்கத்து வீட்டுக் குழந்தை உங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போகும். இந்த விவாதத்தில் மேலும் நான்கு கடிதங்கள் வந்துள்ளன. புதிதாக ஏதும் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

கேள்வி (உட்சைட்): எதிர்வீட்டு ஐரிஷ் பாட்டி இறந்துவிட்டார். என்ன முறை?

பதில்: இறுதிச் சடங்கு இல்லத்தில் மதியமும் மாலையும் உடலைப் பார்வைக்கு வைப்பார்கள். வரிசையில் சென்று குடும்பத்தினரின் கையைப் பற்றி, துயரத்துக்கு வருந்துவதாக ஒரு வரி சொன்னால் போதும். நீங்கள் மண்டியிட வேண்டியதில்லை. சிரிப்பும் கதையும் காதில் விழும். இறந்தவரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அங்கே மரியாதையின் ஒரு வடிவம். மறுநாள் தேவாலயத்தில் நடக்கும் திருப்பலி வழிபாட்டுக்குச் சென்றால், நற்கருணை (அங்கே வழங்கும் புனித அப்பம்) வாங்க எழாமல் இருக்கையிலேயே இருங்கள். இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் அட்டையைப் பங்கு அலுவலகத்தில் பெற்றுக் கொடுத்தால் குடும்பம் நெகிழும். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு செல்லலாம், காரத்தைக் குறையுங்கள்.

கேள்வி (சன்னிசைட்): பச்சை பீர் எந்தப் பப்பில் கிடைக்கும்? பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நண்பர்களோடு ஒவ்வொரு கடையாக ஏறலாம் என்றிருக்கிறோம்.

பதில்: மான்ஹாட்டனுக்குப் போங்கள். அங்கும் நான் மேலே சொன்ன பானத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி (மாஸ்பெத்): என் மகளுக்குப் பத்து வயது. கேலிக் விளையாட்டு ஐரிஷ் பிள்ளைகளுக்கு மட்டுமா?

பதில்: கேலிக் விளையாட்டு என்பது அயர்லாந்தின் மரபு விளையாட்டுகள். அவர்களுக்கு மட்டும் இல்லை, நகரின் சிறுவர் குழுக்களில் பல இனப் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். வலைக்குள் சென்றால் 3 புள்ளி, குறுக்குக் கட்டைக்கு மேலே சென்றால் 1, 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2. ஹர்லிங் மரமட்டையால் ஆடுவது, தலைக்கவசம் கட்டாயம். அயர்லாந்திலும் உச்சநிலை வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஞாயிறன்று எண்பதாயிரம் பேர் முன் ஆடியிருப்பார்.

மகளை முதலில் பிராங்க்ஸில் 240ஆம் தெருவில் உள்ள கேலிக் பார்க்குக்கு அழைத்துச் செல்லுங்கள். நியூயார்க் அணி அயர்லாந்தின் கானக்ட் மாகாணப் போட்டியில் 1999 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே ஆடித் தோற்றுக்கொண்டே இருந்தது. 2023 ஏப்ரலில் லீட்ரிம் மாவட்டத்தைப் பெனால்டியில் வென்றபோது கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. ஏழாம் எண் ரயிலில் டைம்ஸ் ஸ்கொயர் சென்று ஒன்றாம் எண்ணுக்கு மாறுங்கள். கார் நிறுத்தும் இடம் பற்றி யாரும் எழுத வேண்டாம்.